விமான நிலையத்துக்கு நடந்து போக முடியுமா?

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் கொட்டாம்பட்டி. மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில் தெற்கே போனால் அறுபது கிலோமீட்டரை ஒட்டி மதுரை விமான நிலையம். வடக்கே போனால் துவரங்குறிச்சி, விராலிமலை தாண்டி எழுபது, எண்பது கிலோமீட்டரில் திருச்சி விமான நிலையம். கண்மாயையும் மழையையும் நம்பிய வட்டாரம் இது. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்புவது இங்கே புதிதல்ல. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போகிறவர்களுக்குப் பெரும்பாலும் திருச்சிதான் வாசல். கொழும்புக்கும் துபாய்க்கும் மதுரையிலிருந்தே பறக்கலாம் என்று ஆகியும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதே ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. திண்டுக்கல்–நத்தம்–காரைக்குடிச் சாலை நான்குவழிச் சாலையைச் சந்திப்பது இங்கேதான். தைப்பூசத்துக்கு முந்தைய நாள்களில் காரைக்குடி, சிங்கம்புணரிப் பக்கமிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கொட்டாம்பட்டி வழியாகச் சாரிசாரியாக நடப்பார்கள். நூற்றைம்பது கிலோமீட்டரை ஒட்டிய நடை. வெயிலுக்கு முன் கிளம்பி, நண்பகலில் மர நிழலிலும் அன்னதானப் பந்தலிலும் இளைப்பாறி, பொழுது சாய்ந்ததும் மறுபடி நடக்கிறார்கள். இரவில் லாரிக்காரர் கண்ணில் படவேண்டும் என்று முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்கிறார்கள். பாட்டிகள் நடக்கிறார்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் நடக்கிறார்கள். 2025 ஜனவரி 7 அன்று டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை நகரை நோக்கி நடந்ததும் இந்த நான்குவழிச் சாலையில்தான்.

நடப்பதற்கு அஞ்சாத மண் இது. ஆனால் இதே மண்ணிலிருந்து பெட்டியோடு கிளம்பி, பேருந்தில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போய், விமான நிலையத்துக்கு அருகில் இறங்கும் ஒருவர் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரைக் கால்நடையாகக் கடக்க முடியாமல் ஆட்டோவைத் தேடுகிறார். அந்தத் தூரத்தை நடக்கவிடாமல் தடுப்பது எது? யார் நினைத்தால் அதை மாற்ற முடியும்? இந்தக் கட்டுரை ஆராய முற்படுவது இவற்றைத்தான்.

ஊரை விட்டு விலகிய நிலையங்கள்

விமான நிலையம் என்றாலே ஊருக்கு வெளியே என்பது எப்போதும் இருந்த நிலையல்ல. சென்னை மீனம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியது, எதிரிலேயே புறநகர் ரயில் ஓடுகிறது. கோவையின் பீளமேடு நிலையம் அவினாசி சாலைக்கு அருகில் இருக்கிறது. திருச்சியின் பழைய முனையம் புதுக்கோட்டைச் சாலையை ஒட்டியே நின்றது. பேருந்தில் வந்து இறங்கி உள்ளே நடந்துவிடும் தூரங்கள் இவை.

விமானங்கள் பெரிதானபோது ஓடுபாதைகளும் நீண்டன. சத்தமும் நிலத்தேவையும் கூடின. ஊர்களும் வளர்ந்து நிலையங்களைச் சூழ்ந்துகொண்டன. தீர்வாக அரசுகள் நிலையங்களை ஊரைவிட்டு வெளியே தள்ளின. 2008இல் ஹைதராபாத்தின் பேகம்பேட்டிலிருந்து பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்குப் போயின. அதே ஆண்டில் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்குப் போயின. சென்னைக்கு இரண்டாவது நிலையம் பரந்தூரில் வரும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அந்த இடத்தில், தங்கள் நிலமும் ஏரியும் போகும் என்று ஏகனாபுரம் மக்கள் அன்று தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

தூரமாகிப்போன நிலையத்துக்கு முழு வழியையும் நடந்து போக யாரும் கேட்கவில்லை. தூரத்தைப் பேருந்தும் ரயிலும் பார்த்துக்கொள்ளும். அவை இறக்கிவிடும் இடத்துக்கும் முனைய வாசலுக்கும் நடுவில் உள்ள துண்டுதான் நம் கவலை. புதிய நிலையங்கள் தூரமானதோடு நிற்கவில்லை. கார் ஒன்றையே மனத்தில் வைத்து வரையப்படுகின்றன. அகன்ற அணுகுசாலை, சுற்றி வளைந்து ஏறும் மேம்பாலம், சுங்கச்சாவடி போன்ற கட்டண வாயில், அடுக்குமாடி வாகன நிறுத்தம் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. காலால் வருகிறவருக்கு ஒரு கோடுகூட இல்லை.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. விமானக் கட்டணத்தில் நிலையத்துக்குக் கிடைக்கும் பங்கைத் தவிர, கடை வாடகை, விளம்பரம், வாகன நிறுத்தக் கட்டணம், வாடகைக் கார் உரிமம் ஆகியவையும் வருமான வழிகள். நடந்து வருகிறவரால் இந்தக் கணக்கில் எந்த வரவும் இல்லை. திட்டமிடுவோர் கண்ணில் அவர் படாமல் போவதற்கு இதுவும் காரணம்.

தமிழகத்தின் நான்கு நிலையங்கள்

நடப்பவர் பார்வையில் தமிழகத்தில் முதலிடம் சென்னைக்குத்தான். திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாக எதிர்ப்பக்கம் வந்து நடக்கலாம். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் மிகக் குறைந்த கட்டணத்தில் விமான நிலைய வாசலுக்கு வந்துவிட முடிகிற இந்த வசதி, இந்தியாவின் பல பெருநகரங்களுக்கு வாய்க்காதது. 2016 செப்டம்பரில் மெட்ரோ வந்த பிறகு, நிலையத்திலிருந்து முனையங்களுக்குக் கூரை வேய்ந்த உயர் நடைபாதையும் கிடைத்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, மதுரை, மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் ஜி.எஸ்.டி. சாலை வழியே மாநகரப் பேருந்து பிடிப்பது எளிதாகிவிட்டது.

ஆனால் அங்கும் குறை உண்டு. 2022 இறுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் கார்கள் நிற்கும் அடுக்குமாடி நிறுத்தம் திறக்கப்பட்டது. வாடகைக் கார் ஏற இறங்கும் இடம் அங்கே மாறியதும், முனையத்திலிருந்து பெட்டியோடு அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறதே என்று பயணிகள் குறைப்பட்டார்கள். முதியவர்களுக்காக மின்கலவண்டிகள் விடப்பட்டன. காரில் வருகிறவரும் கடைசியில் நடக்கத்தான் வேண்டும் என்பதை இந்த அனுபவம் காட்டியது. விமானப் பயணத்தில் நடையைத் தவிர்க்க முடியாது. அந்த நடைக்கு நிழலும் தளமும் இருக்கிறதா என்பதே வேறுபாடு.

கோவையில் அவினாசி சாலையின் சித்ரா நிறுத்தத்தில் இறங்கினால் முனையம் சுமார் ஒரு கிலோமீட்டர். கையில் ஒரு பையோடு வருகிற இளைஞருக்குக் கால்மணி நேர நடை. பலர் நடக்கவும் செய்கிறார்கள். தொடர்ச்சியான நடைபாதை இருந்தால் குடும்பத்தோடு வருகிறவர்களும் நடப்பார்கள்.

திருச்சியின் கதை வேறு. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாகப் புழங்கும் நிலையம் அது. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், மதுரை மாவட்டக் கிராமங்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்களின் நிலையம். பழைய முனையத்தின் எதிரில் பேருந்து நின்றது. இறங்கியவர் சாலையைக் கடந்தால் வாசல். பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்த புதிய முனையம் ஜூன் 11 முதல் செயல்படத் தொடங்கியது. 75,000 சதுர மீட்டர், கோபுரமும் கோலமுமாக அலங்காரம், ஆண்டுக்கு 44 லட்சம் பேரைக் கையாளும் திறன். பெருமைப்படவேண்டிய கட்டடம்தான். ஆனால் அது சாலையிலிருந்து உள்ளே தள்ளிப் போய்விட்டது. பேருந்தில் வருகிற தொழிலாளிக்கும் அவரை வழியனுப்ப வரும் குடும்பத்துக்கும் முன்பு சாலையைக் கடந்தால் போதுமானதாக இருந்தது. இப்போது அது வெயிலில் ஒரு நெடுநடை. கட்டடம் எவ்வளவு வளர்ந்தாலும், அதிகம் பயன்படுத்துகிறவருக்கு அது எட்டாமல் போனால் அந்த வளர்ச்சியில் குறை இருக்கிறது.

மதுரை விமான நிலையம் பெருங்குடியை அடுத்து, அருப்புக்கோட்டைச் சாலைக்கும் சுற்றுச்சாலைக்கும் அருகில் இருக்கிறது. 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2012இல் கொழும்புக்கு விமானம் தொடங்கியதோடு வெளிநாட்டுச் சேவை வந்தது. 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்க அனுமதி கிடைத்தது. இரவு விமானம் வருவது நல்ல செய்தி. ஆனால் நள்ளிரவில் இறங்குகிறவருக்கு நகரப் பேருந்து கிடைக்குமா, சுற்றுச்சாலை ஓரத்தில் விளக்கு எரியுமா என்ற கேள்விகளும் அதோடு சேர்ந்தே வருகின்றன.

சுற்றுச்சாலையில் பேருந்தை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் சிக்கல் எங்கே என்பது ஐந்தே நிமிடத்தில் விளங்கும். டிராலிப் பெட்டியின் சக்கரம் இரண்டு விரற்கடை உயரம்தான். தார் முடிகிற இடத்தில் சரளை தொடங்குகிறது. சக்கரம் உருளாமல் கல்லை வாரிக்கொண்டு நிற்கிறது. பெட்டியைத் தூக்கினால் முப்பது கிலோ. தூக்காமல் இழுக்கவேண்டுமானால் தார்ச்சாலைக்கு ஏறவேண்டும்; அங்கே பின்னால் வாகனங்கள் விரைகின்றன. கயிறு சுற்றி, பெயரும் ஊரும் மார்க்கரில் எழுதிய அட்டைப்பெட்டி என்றால் தலைச்சுமைதான். ஒரு ஆள் அகலத்துக்கு மேடு பள்ளமில்லாத தளம் போட்டிருந்தால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை.

வேலிக்கு உள்ளே, வேலிக்கு வெளியே

இந்தச் சிறு துண்டு ஏன் விடுபட்டுப் போகிறது? பொறுப்பு பிரிந்து கிடப்பதுதான் முதன்மைக் காரணம். வேலிக்கு உள்ளே இந்திய விமான நிலைய ஆணையம். பாதுகாப்பு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கையில். வெளியே சாலை நெடுஞ்சாலைத் துறைக்கோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கோ உரியது. பேருந்து போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. தெருவிளக்கு ஊராட்சி அல்லது மாநகராட்சியின் பொறுப்பு. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் வேலையைச் சரியாகச் செய்தாலும் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் நடைபாதை அறுந்துபோகிறது.

மதுரையில் இது இன்னும் கூர்மையாகப் போகிறது. இப்போது 7,500 அடியாக உள்ள ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அது நீண்டால் சுற்றுச்சாலை ஓடுபாதைக்கு அடியில் சுரங்கச்சாலையாகப் போகவேண்டியிருக்கும். இதற்காக நிலம் எடுக்கப்படும் ஊர்களில் ஒன்று சின்ன உடைப்பு. வீடுகளைக் காலிசெய்யச் சொன்னபோது, மறுகுடியமர்வுக்கு முறையான ஏற்பாடு இல்லாமல் போகமாட்டோம் என்று 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் போராடினார்கள். வீட்டையும் நிலத்தையும் பற்றி அவர்கள் எழுப்பும் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். அதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொன்று உண்டு. சுற்றியுள்ள கிராமங்களில் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் பேருந்துக்கும் மக்கள் நடந்து போகும் பாதைகளை நீளும் ஓடுபாதை துண்டித்தால், அவற்றுக்கு மாற்று என்ன? சுரங்கச்சாலை வருமானால் அதில் நடப்பவருக்குத் தனிப் பாதை இருக்குமா? இது வரைபடத்தில் இப்போதே இடம்பெறவேண்டிய விஷயம். கட்டி முடித்த பிறகு ஒட்டவைக்க முடியாது.

வெளியுலகம் காட்டும் வழிகள்

நம்மவர்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காப் பக்கமிருந்து சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் வரை 3.5 கிலோமீட்டர் நீளத்துக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒரு பாதையை 2020 அக்டோபரில் திறந்தார்கள். வழியில் குழந்தைகளை ஈர்க்க டைனோசர் உருவங்கள், முனையத்தருகே குளிக்கும் வசதி. உலகின் பரபரப்பான நிலையங்களில் ஒன்றான சாங்கியில், அதுவும் நமக்கு நிகரான வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில், இது சாத்தியமாகியிருக்கிறது.

ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் டொரண்டோவில் பில்லி பிஷப் விமான நிலையம் ஒரு தீவில் இருக்கிறது. கரைக்கும் தீவுக்கும் இடைவெளி 121 மீட்டர்தான். படகுக்காகக் காத்திருந்தவர்களுக்காக 2015 ஜூலையில் ஏரிக்கு அடியில் நகரும் நடைமேடைகளோடு ஒரு நடைச்சுரங்கம் திறந்தார்கள். நகர மையத்தில் வேலை முடித்தவர் நடந்தே போய் விமானம் ஏறலாம்.

பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லும் முன் ஜிப்ரால்டரைப் பார்க்கவேண்டும். அங்கே ஊரின் முதன்மைச் சாலை ஓடுபாதையையே குறுக்காக வெட்டிச் சென்றது. 2023 மார்ச்சில் வாகனங்களுக்குச் சுரங்கச்சாலை வந்த பிறகும், விமானம் இல்லாத நேரத்தில் நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் ஓடுபாதையின் குறுக்கே போக அனுமதி தொடர்கிறது. கண்காணிப்பும் ஒழுங்கும் இருந்தால் காலுக்கும் வானூர்திக்கும் பகை இல்லை.

எதிர்முனை உதாரணங்களும் உண்டு. லண்டன் ஹீத்ரோவின் நடு முனையங்கள் ஓடுபாதைகளுக்கு இடையே அமைந்தவை. அங்கே செல்லும் முதன்மைச் சுரங்கச்சாலையில் நடப்பவருக்கு அனுமதியில்லை. ஆங்கில எழுத்தாளர் வில் செல்ஃப் 2006இல் லண்டனில் தன் வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்கு நடந்து, விமானத்தில் நியூயார்க் போய், அங்கே கென்னடி நிலையத்திலிருந்து மன்ஹாட்டன் வரை நடந்ததைப் பற்றி எழுதினார். நவீன நகரம் நடப்பவரை எப்படிக் கைவிட்டிருக்கிறது என்பதைக் காட்ட ஓர் எழுத்தாளர் விரும்பி மேற்கொண்ட நடை அது. நம் ஊரில் பலருக்கு இது விருப்பத்தால் வருவதல்ல, கையில் இருக்கும் காசு முடிவு செய்வது.

நமக்கு மிக அருகில் யாழ்ப்பாணம். பலாலி நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த உயர் பாதுகாப்பு வலயத்தால் 1990 முதல் பல்லாயிரம் தமிழர்கள் வீடிழந்தார்கள், ஊர்ச்சாலைகள் மூடப்பட்டன. வசாவிளான்–பலாலிச் சாலை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் ஒன்று, அந்தச் சாலையில் யாரும் நடந்து செல்லக் கூடாது என்பது. சொந்த ஊருக்குப் போகும் சாலையில் வாகனத்தில் போகலாம், காலால் போகக் கூடாது என்பதே அன்றைய நிபந்தனை. நடக்கும் உரிமை என்பது எவ்வளவு அடிப்படையானது என்பதை அது பறிபோன இடத்தில்தான் முழுதாக உணர முடிகிறது.

மறுப்புகளும் விடைகளும்

நடைபாதை வேண்டும் என்றால் நான்கு மறுப்புகள் வரும்.

முதலாவது வெயில். மதுரை வெயில் கடுமையானதுதான். அதற்கு விடை நிழல். வேம்பும் புங்கையும் வளராத மண்ணல்ல இது. ஓடுபாதையை ஒட்டி உயரமான மரமும் பறவைகளை ஈர்க்கும் மரமும் கூடாது என்ற விதிக்குக் காரணம் இருக்கிறது. அத்தகைய இடத்தில் தாழ்ந்த கூரை போடலாம்.

இரண்டாவது சுமை. பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறது. அது உருளத் தளம்தான் இல்லை. படிக்கட்டு வைத்த நடைமேம்பாலம் இதற்குத் தீர்வாகாது; பெட்டியோடு ஏறமுடியாத பாலத்தை விட்டு மக்கள் சாலையில் இறங்கிக் கடப்பார்கள். சிக்னலோடு கூடிய தரைமட்டக் கடவையும் சரிவுத்தளமும்தான் பயன்படும். சக்கர நாற்காலிக்கும் அதுவே வழி.

மூன்றாவது பாதுகாப்பு. காரில் வருகிறவரைச் சோதிக்கும் வாயிலிலேயே நடந்து வருகிறவரையும் சோதிக்கலாம். பயணச்சீட்டு இல்லாதவர் முனையத்துக்குள் போக முடியாத ஏற்பாடு நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

நான்காவது, எத்தனை பேர் நடப்பார்கள் என்ற கேள்வி. விமான நிலையம் என்றவுடன் பயணியை மட்டும் நினைப்பதால் வரும் கேள்வி இது. துப்புரவுப் பணியாளர், சுமை ஏற்றுபவர், கடை ஊழியர், தோட்ட வேலை செய்பவர் என்று நாள்தோறும் வந்துபோகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். பயணி ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். அவர்கள் தினமும் இருமுறை அந்த வழியைக் கடக்கிறார்கள். அதிகாலை ஷிப்டுக்கு வரும் பெண் இருட்டில் சாலையோரம் நடக்கிறார். அவருக்கு விளக்குள்ள நடைபாதை வேண்டும் என்பதற்கு எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை.

நடப்பவர் உயிருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதற்குத்தான் கணக்கு இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது ஐந்தில் ஒருவர். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறியது. இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறையோ நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்று 2012லேயே வகுத்துவிட்டது. உரிமையும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. கட்டுவதுதான் பாக்கி.

செய்யவேண்டியவை

மதுரையில் தொடங்கலாம். அருகிலுள்ள பேருந்து நிறுத்தங்களிலிருந்து முனைய வாசல் வரை எங்கும் அறுபடாத, இரண்டு பெட்டிகள் எதிரெதிரே கடந்துபோகும் அகலமுள்ள நடைபாதை வேண்டும். அதற்கு விளக்கும் நிழலும் வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை நிமிட நடை என்று தமிழில் பெயர்ப்பலகை வைக்கவேண்டும். நகரப் பேருந்துகள் முனைய வாசல் வரை போகவேண்டும். இரவு விமானங்களின் நேரத்துக்கும் சில பேருந்துகள் ஓடவேண்டும். ஓடுபாதை விரிவாக்க வரைபடத்தில் சுற்றுக்கிராமங்களின் நடைவழிகள் குறிக்கப்படவேண்டும். திருச்சியின் புதிய முனையத்துக்கும் கோவைக்கும் இதுவே பொருந்தும். பரந்தூரோ வேறு எந்தப் புதிய நிலையமோ வருமானால், ஒப்புதலுக்கு முன்பே அதன் நடைவழி வரைபடத்தைக் கேட்டுவாங்கவேண்டும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு முனையத்தின் அலங்காரச் செலவில் சிறு பங்குதான். தேவைப்படுவது, பிரிந்து கிடக்கும் நான்கைந்து துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஒருவர். மாவட்ட ஆட்சியருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. விமான நிலைய ஆலோசனைக் குழுவில் இருக்கும் மக்களவை உறுப்பினருக்கு அதைக் கேட்கும் கடமை இருக்கிறது.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை விமான நிலையத்துக்குப் போகும்போது, கையில் பெரிய சுமை இல்லையென்றால், பேருந்தில் வந்து கடைசித் துண்டை நடந்து பாருங்கள். பாதை எங்கே அறுகிறது, எந்த இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது, எங்கே விளக்கில்லை என்பதைக் குறித்து ஆட்சியருக்கும் நிலைய இயக்குநருக்கும் எழுதுங்கள். பழனிக்கு நடப்பவர்களுக்குக் கொட்டாம்பட்டி வழிவிடுகிறது, தண்ணீர் தருகிறது, நிழல் தருகிறது. அரசு தன் வாசலுக்கு நடந்து வருகிற குடிமக்களுக்கு 1.8 மீட்டர் அகலப் பாதையாவது தரவேண்டும்.